அரிசி டின்னும் இன்ஸ்பெக்டர் துரையும்

எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். நான் வேலைக்குப் போன காலத்தில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பெண்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், எண்ணி முடித்த பிறகும் விரல் மிச்சமிருக்கும். தையல் வகுப்புக்கு நம் பெண்கள் இருந்தார்கள். மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க இருந்தார்கள். இங்கிலீஷ் என்றால் மட்டும் வெள்ளைத் தோல் வேண்டும், முழு வெள்ளை இல்லாவிட்டால் பாதி வெள்ளையாவது வேண்டும் என்று ஓர் எண்ணம். அந்த எண்ணத்தின் வாயில் மண்ணைப் போட்டவள் நான். பெருமைப்படாமல் வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அது சும்மா கிடைத்த பெருமையும் இல்லை. முப்பதுகளின் ஆரம்பம் அது. ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. எஸ்டேட்டுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக நம் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் காலையில் வந்து நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். என் அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. குமாஸ்தாவுக்கு இங்கே அதுதான் பெயர். அவர் நாற்காலி எப்படியோ தப்பித்தது. நான் பரீட்சை பாஸ் செய்துவிட்டு வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் ஒருத்திக்குத் திடீரென்று கல்யாணமாகி அவள் ரங்கூனுக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வருஷக் கடைசியில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருவார், வகுப்பைப் பரீட்சித்துப் பார்ப்பார், அவர் சரி என்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு. இதுதான் ஏற்பாடு.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் காதில் விழவே இல்லை. முதல் நாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கோவில் வாசலில் நின்று சொன்னார். "எம் மக இங்கிலீஷ் டீச்சர்லா!" என்று டிராம் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். ஐயோ, மறுநாள் நான் டிராம் ஏறும்போது அந்த மனிதர் எழுந்து நின்று இடம் காட்டியதில் எனக்கு மானம் போயிற்று. உள்ளுக்குள் இனித்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "இங்கிலீஷ் படிச்ச புள்ளைங்க எல்லாம் வீட்டு வழக்கத்தப் பாத்து இளிக்குதுங்க. நீயும் போயி நாலு புள்ளைங்களுக்கு அதத்தானே சொல்லிக் கொடுக்கப்போற?" என்றாள். நான் எதிர்த்துப் பேசினேன். அவளும் பேசினாள். எங்கள் இருவருக்கும் வாய் ஒரே அச்சு. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்.

"தொர வந்து சரின்னு சொன்னா நீ போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சரியில்லன்னு சொன்னாரு, அப்பறம் வாயத் தொறக்காம சிம்பாங் அம்பாட்காரங்களுக்குத் தலையாட்டணும். என்ன?"

"சரி" என்றேன். சிம்பாங் அம்பாட்டில் எஸ்டேட் கிராணி ஒருவரின் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். அந்த மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் கையில் சாக்கட்டியோடு ஒரு வகுப்பின் முன்னால் நின்று பார்த்துவிட்டேன். அதை விட்டுவிட்டு எஸ்டேட் வீட்டில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தலைமை ஆசிரியையைப் பெரிய மிஸ் என்போம். பாதி வெள்ளைக்கார யூரேஷியன் அம்மாள். நடந்தால் சாவிக்கொத்து முன்னால் போய் அவர் வரவைச் சொல்லும். கெட்டவர் இல்லை, ஆனால் என்னை எடுத்ததே தவறோ என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு. இன்ஸ்பெக்டர் துரை ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு குடைவார், இந்த வருஷம் அளவு சொல்லும் சொற்களைக் கேட்கப்போகிறாராம் என்று ஒருநாள் வந்து சொன்னார். "உங்கள் பிள்ளைகள் அதில்தான் ரொம்ப மோசம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அளவுச் சொல் என்றால், ஒன்றிரண்டு என்று எண்ணக்கூடிய பொருளுக்கு 'மெனி', எண்ண முடியாததற்கு 'மச்'. முட்டை என்றால் 'எ ஃபியூ', உப்பு என்றால் 'எ லிட்டில்'. நிறைய என்பதற்கு 'பிளென்டி', அது இரண்டுக்கும் வரும். வாழைப்பழத்துக்கு ஒரு சொல், ரொட்டிக்கு ஒரு சொல், நூலுக்கு ஒரு சொல். தமிழில் 'நிறைய' என்று ஒன்றை வைத்துக்கொண்டு மழையிலிருந்து மாமன் மச்சான்வரை எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோமே, அந்தச் சௌகரியம் அங்கே கிடையாது.

பாடப் புத்தகம் சீமையிலிருந்து வந்தது. ஆட்டு மந்தைக்கு என்ன சொல்வது, ஓநாய்க் கூட்டத்துக்கு என்ன சொல்வது, ஜன்னல் விளிம்பில் கொஞ்சம் பனி கிடந்தால் அந்தக் கொஞ்சத்தை எப்படிச் சொல்வது என்றெல்லாம் அதில் இருந்தது. என் வகுப்பில் சீனப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், யூரேஷியன் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள் சிலர். ஒருத்திகூட ஓநாயைக் கண்டதில்லை. பனியைப் பற்றி நான் விளக்கியபோது, "கச்சாங் ஐஸ் மாதிரியா டீச்சர்?" என்று ஒருத்தி நாக்கைச் சப்புக்கொட்டினாள். வகுப்பே அன்றைக்குப் பாடத்தை விட்டு ஐஸ் சீவி விற்கிற வண்டிக்காரனிடம் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீட்டில் எந்தப் பாஷை பேசினாலும், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய்தான். மலாயில் மீனை வால் கணக்கில் சொல்ல வேண்டும், முட்டையை விதைக் கணக்கில் சொல்ல வேண்டும். அதனால் என் வகுப்பில் இங்கிலீஷில் மூன்று வால் மீனும் இரண்டு விதை முட்டையும் தாராளமாகக் கிடைக்கும். பெரிய மிஸ் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். நான் பொத்திக்கொள்ளவில்லை. பூவை முழத்தில் கேட்கிற நமக்கு மீனை வாலில் கேட்பது அப்படி என்ன பெரிய குற்றம்? வேறு வேறு கடையில் வேறு வேறு படி, அவ்வளவுதான்.

அப்படி நினைத்தபோதுதான் யோசனை வந்தது. ஓநாயைத் தூக்கி மூலையில் போட்டேன். வகுப்பின் பின்பக்கம் இரண்டு பெஞ்சைச் சேர்த்து ஒரு கடை வைத்தேன். பிஸ்கட் டின்னில் அரிசி, ஊறுகாய் ஜாடியில் உப்பு, கூடையில் முட்டை, ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம், நூல்கண்டு, ஆணி, கருவாடு. தினமும் ஒருத்தி கடைக்காரி, மற்றவர்கள் வாங்குகிறவர்கள். கடையில் இங்கிலீஷ் மட்டும்தான் செல்லும். மலாயில் கேட்டால் சரக்குக் கிடைக்காது. முதல் நாள் ஒரே கூச்சல். அப்புறம் பாருங்கள், வீட்டில் அம்மாவோடு பசாருக்குப் போய்ப் பேரம் பேசிய பிள்ளைகள் அல்லவா, பேச்சு தண்ணீராய் வந்தது! "எ ஃபியூ முட்டை கேட்டால் ரெண்டுதான் தருவியா, நல்லா பாத்துக் குடு" என்று சண்டை வேறு, அதுவும் இங்கிலீஷில்.

கருவாட்டு வாசனை பிடித்துக்கொண்டு பெரிய மிஸ் வந்தார். "இது என்ன, பள்ளிக்கூடமா, சௌரஸ்தா மார்க்கெட்டா?" என்றார். கருவாட்டை மட்டும் எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். கடையை மூடவில்லை.

அந்தக் கடையின் சிறந்த கடைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பெண். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடை, நெற்றியில் திருநீறு, காலில் செருப்புக் கிடையாது. சம்பளம் கட்ட முடியாத ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச இடம் கொடுத்தார்கள், அதில் வந்தவள். சொன்னதைச் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொள்வாள். மச் எங்கே, மெனி எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மற்ற பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் திருத்துவாள், ஆனால் சிரிக்க மாட்டாள். அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் பெரிய மிஸ் என் வகுப்பை எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு இவளைப் பின்னால் வைத்துவிடுங்கள். முன்னால் நன்றாக உடுத்துகிற பிள்ளை யாராவது இருக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "மிஸ், துரை உடுப்பைப் பரீட்சிக்கிறாரா, இங்கிலீஷைப் பரீட்சிக்கிறாரா? இங்கிலீஷ் என்றால் என் வகுப்பில் இவள்தான் முதல்" என்றேன்.

"உங்கள் வேலை. உங்கள் இஷ்டம்" என்று சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போனார். ஆமாம், என் வேலைதான். அதை அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துக் கட்டியாயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் அவளை இடம் மாற்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துரை வந்தார். நெட்டையான ஆள், வெயிலில் வெந்த முகம், தொப்பியைக் கழற்றிப் பெரிய மிஸ் கையில் கொடுத்தார். அதட்டுகிற ஆள் இல்லை. பிள்ளைகளிடம் குனிந்து பேசினார். கடையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். "இது யார் யோசனை?" என்றார். "என்னுடையது, சார்" என்றேன். வகுப்பில் கேள்வி கேட்கத் தொடங்கினார். சீனப் பெண் ஒருத்தி முட்டை விற்றாள். யூரேஷியன் பெண் ஒருத்தி வாழைப்பழம் வாங்கினாள். ஒரு வால்கூடத் தலைகாட்டவில்லை. பெரிய மிஸ்ஸின் முகத்தில் லேசாக ஒரு தெளிச்சல். எனக்கு அப்பாவின் டிராம் கண்டக்டர் ஞாபகம் வந்தது. இனி அவர் எழுந்து நிற்கட்டும், நான் கூச்சப்படப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது துரை அரிசி டின்னை எடுத்தார். அதில் இருந்ததை எல்லாம் பக்கத்துத் தட்டில் கொட்டினார். வெறும் டின்னை முன்வரிசைக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் பிடித்தார்.

"இந்த டின்னில் எவ்வளவு அரிசி இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். கணீரென்று சொன்னாள்: "தேர் இஸ் பிளென்டி ஆஃப் ரைஸ், சார்."

நிறைய அரிசி இருக்கிறது! துரை டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். "நன்றாகப் பார்" என்றார். அவள் நன்றாகப் பார்த்தாள். அதே பதில். உப்பு ஜாடியைக் காலி செய்து காட்டினார். உப்பும் நிறைய இருக்கிறது என்றாள். பெரிய மிஸ் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"இந்தப் பெண்ணுக்கு இல்லை என்பதற்கும் நிறைய என்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இவளைத்தான் நீங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்கள்" என்றார் துரை. குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அவள் பக்கத்தில் போய்த் தமிழில் கேட்டேன். "ஏம்மா, டின்னுல என்னா இருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள் மெதுவாக. "வெறும் டின்னு."

"அப்பறம் ஏன் நெறய இருக்குன்னு சொன்ன?"

என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடவா தெரியாது என்ற ஆச்சரியம் இருந்தது. "அரிசியப் போயி இல்லன்னு சொல்லக்கூடாதுல்ல டீச்சர்? அதுவும் வெள்ளிக்கெழமையில?"

தெரியாமல் என்ன? நான் வளர்ந்த வீட்டிலும் அதே வழக்கம்தானே! அரிசியும் உப்பும் தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், 'நெறஞ்சிருக்கு' என்போம். இல்லை என்று வாயால் சொன்னால் உண்மையிலேயே இல்லாமல் போய்விடும் என்று பயம். இதில் இந்து என்ன, கிறிஸ்தவர் என்ன. என் அம்மா கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "உப்பு நெறஞ்சிருச்சு, கடையில வாங்கிட்டு வா" என்பாள். வகுப்புக் கடையில் 'இல்லை' என்ற சொல்லை நான் பழக்கியது எல்லாம் முட்டையையும் ஆணியையும் வைத்துத்தான். அரிசி டின்னை ஒருநாளும் காலி செய்து காட்டியதில்லை. என் கையே அதற்கு வரவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அவள் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். அப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை. அந்த வீட்டுப் பானையில் அடி தெரிந்த நாட்கள் எத்தனையோ. அந்த நாட்களிலும் அவள் அம்மா நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தச் சொல் ஒன்றைத்தான் அவர்களிடமிருந்து யாரும் இன்னும் பிடுங்கவில்லை.

துரையிடம் இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை, அதை இன்றும் பெருமையாகச் சொல்வேன். "சார், இவளுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். எங்கள் வீடுகளில் அரிசியையும் உப்பையும் இல்லை என்று சொல்லமாட்டோம். அது வீட்டுக்கு ஆகாது. வேறு எதையும் கேட்டுப் பாருங்கள்."

கேட்டார். ஆணி டப்பாவைக் காலி செய்தார். "தேர் ஆர் நோ நெய்ல்ஸ், சார்" என்றாள். மைக்கூட்டைக் காட்டினார். கொஞ்சம் மை இருக்கிறது என்றாள், சரியான சொல்லில். முட்டை, நூல், சாக்கட்டி எதிலும் தடுமாறவில்லை. துரை தாடையைத் தடவிக்கொண்டார். மறுபடியும் அரிசி டின்னைக் கையில் எடுத்தார்.

"வழக்கம் வீட்டில் இருக்கட்டும். இங்கிலீஷில் காலி டின் காலி டின்தான். இதிலும் ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லச் சொல்லுங்கள். எனக்குத் திருப்தி" என்றார்.

ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னால் அவள் சொல்வாள். சொன்னால் வேலை எனக்கு. பெரிய மிஸ், "சொல்லச் சொல்லுங்கள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் காதருகில் சொன்னார்.

அந்தப் பிள்ளை துரையைப் பார்த்தாள், பெரிய மிஸ்ஸைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். இங்கிலீஷ்தான் தெரியுமே, நாங்கள் பேசியது எல்லாம் அவளுக்குப் புரிந்திருந்தது. டீச்சருக்கு ஆபத்து என்று கண்டுபிடித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உதட்டை நனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்: "தேர் இஸ் நோ..."

"வேணாம்மா!" என்று கத்திவிட்டேன். வகுப்பே திடுக்கிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு துரையின் பக்கம் திரும்பினேன். "சார், என்னை இவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத்தான் வைத்திருக்கிறீர்கள். அதைச் செய்திருக்கிறேன். இவள் அம்மாவின் சமையலறையில் இல்லை என்று சொல்ல வைப்பது என் வேலை இல்லை. அதற்கு நீங்கள் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்."

சொல்லி முடித்த பிறகுதான், போயிற்று, சிம்பாங் அம்பாட்தான் என்று மனதுக்குள் மணி அடித்தது. பெரிய மிஸ் கையிலிருந்த துரையின் தொப்பி ஒரு பக்கமாக நசுங்கிக்கொண்டிருந்தது. துரை டின்னைப் பெஞ்சில் வைக்கப்போனார்.

"சார்" என்றாள் அவள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் வாய்க்குள் ஏதோ கோத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"தேர் இஸ் பிளென்டி ஆஃப் ரூம் ஃபார் ரைஸ், சார்."

அரிசிக்கு இதில் நிறைய இடம் இருக்கிறது.

அடி என் ராசாத்தி! பொய்யும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இங்கிலீஷில் ஒரு குறை கிடையாது. எனக்கு அந்த இடத்திலேயே அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும்போல் இருந்தது. துரை சிரிக்கவில்லை. அவரும் டின்னுக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார், ஏதோ முதல் தடவை பார்க்கிறதுபோல.

"இந்த வாக்கியம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை, சார். சொற்களை நான் கொடுத்தேன். வாக்கியம் அவளுடையது" என்றேன்.

தலையை ஆட்டினார். தட்டில் கொட்டியிருந்த அரிசியைத் தன் கையாலேயே மறுபடியும் டின்னில் போட்டார். கீழே சிந்தியதைக்கூடப் பொறுக்கிப் போட்டார். தொப்பியை வாங்கிக்கொண்டு, அதன் நசுங்கலை நிமிர்த்திக்கொண்டே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

பள்ளி விட்டதும் பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பினார். நான் என் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டே போனேன், திரும்பி வந்து எடுக்கிற வெட்கம் வேண்டாமே என்று.

"பிள்ளைகள் முன்னால் இன்ஸ்பெக்டரோடு வாதாடியிருக்கிறீர்கள். என் காலத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை" என்றார்.

"ஆமாம், மிஸ்."

"நானாக இருந்தால் உங்களை இன்றைக்கே அனுப்பியிருப்பேன்." சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "அவர் உங்களை விடக்கூடாது என்கிறார். நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வருகிற வருஷம் ஒரு வகுப்பு மேலே கொடுக்கவும் சொல்கிறார். அந்தப் பிள்ளைகளோடு நீங்களும் மேலே போகவேண்டுமாம்."

எனக்குக் கால் தரையில் இல்லை. நன்றி சொன்னேன். பெரிய மிஸ் கையை அசைத்தார். "எனக்கு வேண்டாம் நன்றி. அந்தப் பெண்ணை நான் பின்னால் வைக்கச் சொன்னேன். அதை நான் மறக்கவில்லை" என்றார். அந்த அம்மாளை அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

அன்று நான் டிராமில் ஏறவில்லை. சூலியா தெரு நெடுக நடந்தே வந்தேன். நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரரிலிருந்து ரிக்‌ஷாக்காரர்வரை எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். எனக்கு அதைப்பற்றி என்ன?

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். "கெடச்சிருச்சா? கெடச்சிருச்சாலா?" என்று கேட்டவர், நான் ஆமாம் என்று முடிப்பதற்குள் செருப்பைக்கூடப் போடாமல் டிராம் நிற்கும் இடத்தைப் பார்த்து ஓடினார்.

அம்மா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், டின், துரை, நான் கத்தியது, பிள்ளை சொன்னது, எதையும் விடவில்லை. அவள் கை நிற்கவில்லை. வேலை நிரந்தரம் என்று சொன்ன இடத்தில்கூடத் தலை நிமிரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆத்திரம்தான்.

"அந்தப் புள்ள கடைசிவரைக்கும் இல்லன்னு சொல்லலையே?" என்றாள்.

"சொல்லலம்மா."

"நீயும் சொல்ல வைக்கல?"

"வைக்கல."

அம்மா கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மீன் வாசனை, ஈரம். அவள் கண்ணும் ஈரமாக இருந்தது.

"சிம்பாங் அம்பாட்டுக்கு ஆளனுப்பச் சொல்லு ஒங்கப்பாவ" என்றாள். "எம் மக டீச்சரு. கல்யாணத்துக்கு நாளு நெறய இருக்குன்னு சொல்லிட்டு வரட்டும்."